பீச் ஹவுஸைக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

மழை வழியும் ஜன்னல், ராத்திரி நேர நெடுஞ்சாலை, யாரோ ஒருவரின் பழைய குடும்ப வீடியோ. இப்படி ஒரு ரீல் ஓடும்போது பின்னணியில் ஒரு பெண் குரல் மிதந்து வர, அதற்கு மேலே ஒரு கிட்டார் வழுக்கிக்கொண்டு போவதைக் கேட்டிருக்கிறீர்களா? அநேகமாக அது பீச் ஹவுஸ் என்ற இசைக்குழுவின் 'ஸ்பேஸ் சாங்'. 2015இல் வந்த ஒரு ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு. வெளிவந்து பல வருடம் கழித்துத்தான் டிக்டாக் வழியாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அந்த ஒரு பாட்டு பிடித்துப்போய், சரி, மற்றதையும் கேட்போம் என்று முழு ஆல்பத்தைப் போடுகிறவர்களில் பலர் நாலாவது பாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்பார்கள். எனக்கு இந்த இசை மிகவும் நெருக்கமானது. அதனால் அந்த நாலாவது பாட்டைத் தாண்ட ஒரு வழி சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் 2004இல் தொடங்கிய இருவர் குழு இது. விக்டோரியா லெக்ராண்ட் பாடுகிறார், ஆர்கனும் கீபோர்டும் வாசிக்கிறார். அலெக்ஸ் ஸ்காலி கிட்டாரையும் மற்ற கருவிகளையும் பார்த்துக்கொள்கிறார். விக்டோரியா பாரிஸில் பிறந்தவர், பிரெஞ்சு சினிமா இசையமைப்பாளர் மிஷெல் லெக்ராண்டின் குடும்பத்தைச் சேர்ந்தவர். வளர்ந்தது அமெரிக்காவில். நாடகம் படிக்கப் பாரிஸ் போனவர் அதை விட்டுவிட்டு பால்டிமோருக்கு வந்து சேர்ந்தார். அலெக்ஸ் அந்த ஊர்க்காரர். பெரிய இசை நிறுவனங்களின் பக்கம் போகாமல் முதலில் கார்பார்க், அப்புறம் சியாட்டிலின் சப் பாப் என்று சுயாதீன லேபிள்களிலேயே இருவரும் பாட்டு வெளியிட்டு வருகிறார்கள். இந்த வகைக்கு 'டிரீம் பாப்' என்று பெயர். பெயரை மறந்தாலும் பரவாயில்லை.

கேட்பதற்கு முன்னால்

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசையில் பாதி, ஆர்கனின் அடித்தளத்து ரீங்காரத்தில் இருக்கிறது. போன் ஸ்பீக்கர் அதை அப்படியே விழுங்கிவிடும். மிச்சமாக வருவது ஒரு டிக் டிக் சத்தமும் தூரத்துக் குரலும்தான். சாதாரண இயர்போன் போதும், விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம்.

செயலியில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஆட்டோப்ளேயையும்தான். ஒரு பாட்டு முடிந்ததும் வேறு யாருடைய பாட்டோ குறுக்கே வந்தால் அதுவரை சேர்ந்து வந்த சூழல் ஒரு நொடியில் கலைந்துவிடும். பாட்டுக்குப் பாட்டு முனைகளை ஒட்டிவிடும் கிராஸ்ஃபேட் வசதி போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். இவர்களுடைய பாட்டுகளின் கடைசி நொடிகள் மெல்லக் கரைந்து போவதற்கென்றே விடப்பட்டவை.

நேரம்? இரவு நல்லது. வேலை செய்துகொண்டே முதல்முறை கேட்க வேண்டாம். பழகிய பிறகு எதைச் செய்துகொண்டும் கேட்கலாம்.

என் தங்கைக்கு முதன்முதலில் இதைப் போட்டுக் காட்டியபோது ஒரு நிமிடம் பொறுமையாக இருந்தாள். பிறகு ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு, "அண்ணா, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. நம் காது பல்லவிக்காகக் காத்திருந்து பழகியது. முன்னிசை முடியும், குரல் வந்து முன்னால் நிற்கும், வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிடும். பீச் ஹவுஸில் குரல் முன்னால் வந்து நிற்பதே இல்லை. ஆர்கன், கிட்டார், குரல் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முதல் நொடியிலேயே பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

ஒரே பாட்டு, மூன்று தடவை

'ஸ்பேஸ் சாங்'கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலே வரும். அதை மூன்று தடவை, மூன்று விதமாகக் கேளுங்கள்.

முதல் தடவை தாளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டிரம் மெஷின் ஒரே மாதிரி தட்டிக்கொண்டே இருக்கும். வீறாப்பு இல்லை, திடீர்த் திருப்பம் இல்லை. சுவர்க் கடிகாரம் மாதிரி அது தன் பாட்டுக்குப் போகும். இந்த மாறாத தாளம்தான் மற்ற எல்லாவற்றையும் மிதக்கவிடுகிறது. அது அசையாமல் இருப்பதால்தான் மேலே நடக்கும் சின்ன அசைவுகூட நமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டாவது தடவை ஆர்கன். கச்சேரியில் சுருதிப்பெட்டியை நாம் தனியாகக் கேட்பதில்லை. ஆனால் அது நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும், மேடையே வெறிச்சோடிப் போகும். இந்த ஆர்கனும் கிட்டத்தட்ட அப்படித்தான். சுரங்களை நீளமாகப் பிடித்துக்கொண்டு அடியில் படுத்திருக்கும். ஒரு சுரம் இன்னொன்றுக்கு நகரும் இடத்தில் முழுப் பாட்டின் நிறமும் மாறும். அந்த நகர்வைக் காதால் பிடித்துவிட்டீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்றாவது தடவை கிட்டார். அலெக்ஸ் பல இடங்களில் வாசிப்பது ஸ்லைடு கிட்டார். விரலில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு தந்திகளின் மேல் இழுப்பார்கள். அதனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் இழைந்து போகும். குரல் ஒரு வரியைப் பாடி முடித்த இடத்தில் இந்தக் கிட்டார் அந்த உணர்வை வாங்கிக்கொண்டு மேலே போவதைக் கவனியுங்கள். இரண்டு பேர் ஒரே வாக்கியத்தைப் பகிர்ந்து பேசிக்கொள்வது போல இருக்கும்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு, ரீவெர்ப். ஆள் இல்லாத கல்யாண மண்டபத்தில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டல் முடிந்த பிறகும் அறை கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கும், இல்லையா? அந்த மிச்சம்தான் ரீவெர்ப். அதைக் கருவி மூலம் எந்த ஒலியின் மேலும் சேர்க்கலாம். பீச் ஹவுஸின் பாட்டுகளில் எல்லாமே ஒரே பெரிய மண்டபத்துக்குள் நடப்பது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். தாழ்ந்த, கனமான குரல் விக்டோரியாவுடையது. அந்தக் குரலே மண்டபம் முழுக்கப் பரவி நிற்கும்போது சொல் பாதி கரைந்துவிடும். வரிகள் புரியவில்லையே என்று முதல் வாரத்தில் கவலைப்படாதீர்கள். வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பதையும் தள்ளிப்போடுங்கள். படிக்க ஆரம்பித்தால் காது ஓய்வெடுத்துக்கொள்ளும்.

முதல் ஆல்பம் எது?

'ஸ்பேஸ் சாங்' இருக்கும் 'டிப்ரஷன் செர்ரி'யைத்தான் எல்லோரும் அடுத்துப் போடுகிறார்கள். அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆல்பத்தில் இருவரும் வேண்டுமென்றே டிரம்ஸைக் குறைத்து, சில கருவிகளும் ஒரு மெட்டும் போதும் என்ற எளிமைக்குத் திரும்பினார்கள். அருமையான ஆல்பம், ஆனால் புதிய காதுக்கு ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

அதனால் 2010இல் வந்த 'டீன் டிரீம்' ஆல்பத்தில் தொடங்குங்கள். பத்துப் பாட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி முகம். நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத்தில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் கிறிஸ் கோடியுடன் சேர்ந்து பதிவு செய்தார்கள். முதல் பாட்டு 'ஸீப்ரா' கிட்டாரோடு தொடங்கி மெதுவாக விரிந்துகொண்டே போகும். மூன்றாவதாக வரும் 'நார்வே'யில் கிட்டாரின் சுருதியே வளைந்து நெளியும். வெயிலில் விட்ட பழைய கேசட்டைப் போட்டால் பாட்டு இழுபடுமே, அந்த மாதிரி. முதல் தடவை கேட்டபோது என் இயர்போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒயரை அசைத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவையில் அந்த நெளிவுக்காகவே காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் '10 மைல் ஸ்டீரியோ'. ஏறிக்கொண்டே போகும் பாட்டு அது. எங்கே ஏறியது என்று திரும்பிப் பார்த்தால் படி எதுவும் தெரியாது.

ஒரு வாரம் இந்த ஒரே ஆல்பத்தோடு இருங்கள். தினமும் முழுதாகக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கேட்கும்போது வரிசைப்படி கேளுங்கள்.

ஹிப்ஹாப் கேட்கிறவர்களுக்கு இங்கே ஒரு பக்க வாசல் இருக்கிறது. கெண்ட்ரிக் லமாரின் 2012 ஆல்பத்தில் வரும் 'மணி ட்ரீஸ்' பாட்டின் அடியில் சுழல்வது இதே 'டீன் டிரீ'மின் 'சில்வர் சோல்'. தி வீக்எண்ட் 2011இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் பீச் ஹவுஸின் இரண்டு பழைய பாட்டுகளிலிருந்து துண்டுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'சில்வர் சோல்' முதல் நொடியிலேயே சொந்தக்காரரைப் பார்த்தது போல இருக்கும்.

பின்னால் போங்கள்: நாலு டிராக்கும் நிலவறையும்

'டீன் டிரீம்' பழகிய பிறகு 2006இல் வந்த முதல் ஆல்பத்துக்குப் போங்கள். ஆல்பத்தின் பெயரும் குழுவின் பெயரேதான். இரண்டே நாளில், ஒரு நிலவறையில், நாலு டிராக் கருவியில் பதிவு செய்தது. நாலு டிராக் என்றால் நாலு தனித்தனி ஒலிகளுக்குத்தான் இடம். தாளத்துக்கு ஒன்று, ஆர்கனுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று வைத்தாலே இடம் தீர்ந்தது. தாளம் வாசிக்க ஆள் இல்லை, அதனால் இயந்திரத் தாளம். பெரிய சின்தசைசர் கிடையாது, அதனால் வீட்டு ஆர்கன். இன்று உலகம் கொண்டாடும் அந்தப் பனிமூட்டம் இப்படிக் கைக்கு எட்டிய சாமான்களிலிருந்து வந்ததுதான்.

'ஆப்பிள் ஆர்ச்சர்ட்' என்ற பாட்டைப் போட்டுப் பாருங்கள். சத்தத்தில் ஒரு தூசி இருக்கும். அதைக் கேட்டுவிட்டு 'ஸ்பேஸ் சாங்'குக்குத் திரும்பினால் எலும்புக்கூடு ஒன்றேதான் என்று புரியும். 2008இல் வந்த 'டிவோஷன்' ஆல்பம் முதல் ஆல்பத்துக்கும் 'டீன் டிரீ'முக்கும் நடுவில். அதில் 'கிலா' பாட்டை மட்டும் கேட்டாலும் போதும், மற்றதை அவகாசம் போல.

"எல்லாம் ஒரே மாதிரி" என்பதற்கு இங்கே ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அவர்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒரு ஜன்னலைத் திறக்கிறார்கள் அல்லது ஒரு விளக்கை இடம் மாற்றுகிறார்கள். அந்த வீட்டின் சூழல் எவ்வளவு தனியானது என்பதற்கு ஒரு சம்பவம். 2012இல் ஒரு கார் விளம்பரத்துக்கு 'டேக் கேர்' பாட்டைக் கேட்டார்கள், இருவரும் கொடுக்க மறுத்தார்கள். பிறகு வந்த விளம்பரத்தில் அதன் சாயலில் வேறு ஒரு பாட்டு ஒலித்தது. இருவரும் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒருவருடைய மெட்டை எடுக்காமலேயே அவர் கட்டிய வீட்டின் வாசனையை எடுத்துவிட முடியும்.

இப்போது 'டிப்ரஷன் செர்ரி'

இப்போது கேட்டால் பாட்டுகள் தனித்தனியாகத் தெரியும். முதல் பாட்டு 'லெவிடேஷன்' நீண்ட ஆர்கன் ஒலியில் கதவைத் திறக்கும். இரண்டாவது 'ஸ்பார்க்ஸ்', துண்டாக வெட்டித் திரும்பத் திரும்பச் சுழலும் குரலோடு தொடங்கி, அதன் மேல் கரகரப்பான கிட்டார் வந்து விழும். ஆறாவதான 'பிபிபி' மூன்றின் நடையில் ஆடும், விக்டோரியா பாடுவதும் பேசுவதுமாக இருப்பார். கடைசிப் பாட்டு 'டேஸ் ஆஃப் கேண்டி'யில் ஒரு சேர்ந்திசைக் குழு வந்து சேரும்.

ஆகஸ்ட் 2015இல் இது வந்தது. இரண்டு மாதம்கூட ஆகாமல் அக்டோபரில் 'தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்' என்று இன்னொரு முழு ஆல்பத்தை அதிக விளம்பரம் இல்லாமல் வெளியிட்டார்கள். அதை இன்னும் ஒரு மாதம் கழித்துக் கேட்கலாம்.

முன்னால் போங்கள்

2018இல் வந்த ஏழாவது ஆல்பத்தின் பெயரே '7'. முன்பு எல்லாம் மெல்லியதாக இருந்தது, இங்கே இருள் கூடுகிறது, டிரம்ஸும் உரக்கப் பேசுகிறது. 'டைவ்' என்ற பாட்டு பாதி வரை தாளமே இல்லாமல் ஆர்கனும் குரலுமாகத் தவழும். அப்புறம் டிரம்ஸ் உள்ளே புகுந்து ஓட்டம் எடுக்கும். அந்த நொடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெரிய இழப்பு.

2022இல் நிறைவடைந்த 'ஒன்ஸ் ட்வைஸ் மெலடி' 18 பாட்டு, கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். இதை ஒரே மூச்சில் கேட்க முயன்று களைத்துப் போகிறவர்கள் உண்டு. பீச் ஹவுஸே அதை நாலு அத்தியாயமாகப் பிரித்து, நவம்பர் 2021 முதல் பிப்ரவரி 2022 வரை மாதம் ஒன்றாக வெளியிட்டார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள்: முதல் நாலு பாட்டு ஒரு நாள், அடுத்த நாலு இன்னொரு நாள், அதன் பிறகு ஐந்து, கடைசியில் ஐந்து. முதல் அத்தியாயத்தின் 'பிங்க் ஃப்யூனரல்' பாட்டில் நிஜமான வயலின் வரிசை வரும். டிரம் மெஷினோடு நிலவறையில் தொடங்கியவர்கள் வயலின் வரிசை வரை வந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

கொஞ்சம் செய்தும் பாருங்கள்

இதைச் செய்தால் காது இரண்டு மடங்கு கூர்மையாகும். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐபோன் என்றால் கராஜ்பேண்ட், ஆண்ட்ராய்டு என்றால் பேண்ட்லேப், இரண்டும் இலவசம். டிரம் மெஷினில் ஒரு எளிய தாளத்தை நிமிடத்துக்கு 70, 75 தட்டு வேகத்தில் ஓடவிடுங்கள். ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுத்து இரண்டு கட்டைகளை அழுத்தி எட்டு எண்ணும் வரை விடாதீர்கள். அப்புறம் ஒரு விரலை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற விரலை மட்டும் பக்கத்துக் கட்டைக்கு நகர்த்துங்கள். மறுபடி எட்டு. இந்த ஒற்றை விரல் நகர்ந்ததும் அறையின் வெளிச்சமே மாறுவது போல இருக்கும். இப்போது ரீவெர்ப் அளவைப் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டு அதன் மேல் ஏதாவது முணுமுணுத்துப் பதிவு செய்யுங்கள். இன்னொரு கருவியைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். இருப்பதைக் கேளுங்கள்.

பக்கத்து வீடுகள்

இவர்களுக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் ஸ்காட்லாந்தின் காக்டோ ட்வின்ஸ் குழுவைச் சொல்வேன். அதன் பாடகி எலிசபெத் ஃப்ரேசர் பாடுவதில் பல இடங்களில் சொல் எது ஒலி எது என்றே பிரிக்க முடியாது. மாஸி ஸ்டார் இன்னொன்று, அதுவும் ஹோப் சாண்டோவல், டேவிட் ரோபாக் என்ற இருவரை மையமாகக் கொண்டது. நம் பக்கம் கொல்கத்தாவின் பரேக் அண்ட் சிங் இருக்கிறார்கள். அவர்களும் இருவர்தான், டிரீம் பாப்தான், ஆனால் வெயில் கூடுதல். பீச் ஹவுஸின் கனம் சில நாள் தாங்காது. அப்படிப்பட்ட நாளில் நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன்.

கடைசியாக 'ப்ளூம்'

2012இல் வந்த 'ப்ளூம்' ஆல்பத்தை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். அவர்கள் செய்ததிலேயே முழுமையானது இதுதான் என்பது என் கருத்து. பழகாத காதோடு அதைக் கேட்டுக் கடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கடைசிக்குத் தள்ளினேன். டெக்சாஸின் டோர்னியோ என்ற சிற்றூருக்கு வெளியே, தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். முதல் பாட்டு 'மித்' சிறு மணி ஒலியோடு தொடங்கும். அதன் முடிவில் கிட்டார் மேலே மேலே எழுந்து போகும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பத்தையும் வரிசையாக, ஒரே இருப்பில் கேளுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

பத்தாவது பாட்டு 'ஐரீன்' முடிந்ததும் சத்தம் முற்றாக நின்றுவிடும். எழுந்துவிடாதீர்கள், இயர்போனையும் கழற்றாதீர்கள். சுமார் ஆறு நிமிடம் ஒன்றுமே கேட்காது. மின்விசிறி ஓடுவது கேட்கும், தெருவில் யாரோ வண்டியை நிறுத்துவது கேட்கும். அப்புறம், அட்டையில் பெயர்கூடப் போடாத ஒரு சின்னப் பாட்டு மெதுவாக உள்ளே வரும்.